மரத்துப்போன விரலும் மின்சாரக் கிட்டாரும்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, கண்ணாடிக்காரர் வாழ்நாளில் முதல் தடவையாக ஐந்தே நிமிடத்தில் ஒரு முடிவுக்கு வந்தார். எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று வாங்குவது. அதில் ஹெவி மெட்டல் வாசிப்பது. வாய் கொப்பளித்துத் துப்பிய பிறகும் அந்த முடிவு தண்ணீரோடு போய்விடாமல் உள்ளேயே நின்றது. அவருக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

வயது நாற்பத்தெட்டு. கடைவீதியில் கண் பரிசோதித்துக் கண்ணாடி போட்டுக்கொடுக்கும் கடை. சத்தமே இல்லாத தொழில். காலையிலிருந்து மாலைவரை அரையிருட்டு அறையில் உட்கார்ந்து, வருகிறவர் மூக்கின்மேல் ஒரு வில்லையை எடுத்து இன்னொன்றைப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பார். இருபத்து மூன்று வருடமாக இதே கேள்வி. அடுத்தவர்களுக்கெல்லாம் எது தெளிவு என்று எடுத்துக்கொடுத்த மனிதருக்கு, தன் காரியம் என்று வந்தால் எல்லாமே மங்கல்.

வீட்டு ஹாலே அதற்குச் சாட்சி. மூன்று வருடத்துக்கு முன் சுவருக்கு வண்ணம் அடிக்க நினைத்து, ஏழு வண்ணத்தில் ஏழு பட்டை இழுத்துப் பார்த்தார். பட்டைகள் இன்னும் அப்படியே இருந்தன. வீட்டுக்கு வருகிறவர்கள் அதை ஒரு நாகரிகம் என்று நினைத்துப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

அவர் மனைவி எலும்பு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். விழுந்தவர்களை நடக்க வைப்பதும், மடங்காத முட்டியை மடக்க வைப்பதும் அவள் வேலை. அதிகம் பேசமாட்டாள். பேசினால் அதற்கு மேல்முறையீடு கிடையாது. ஏழாவது பட்டை இழுத்த அன்று சொல்லியிருந்தாள்: "சுவருக்கு ஒரு கலர் முடிவாகிறவரைக்கும் இந்த வீட்ல வேற எதையும் தேர்ந்தெடுக்கிற பேச்சு வேண்டாம். என்னைக் கட்டிக்கச் சம்மதம் சொல்லவே உங்களுக்குப் பதினோரு மாசம் ஆச்சு. வேற மாடல் காட்டலைன்னு வருத்தமோ என்னவோ."

அந்தச் சட்டம் அமலில் இருக்கும்போதுதான் கிட்டார் ஆசை வந்தது. முந்தின நாள் கண் பரிசோதனைக்கு ஒரு வெல்டர் வந்திருந்தார். கழுத்தில் மாட்டியிருந்த ஹெட்போனிலிருந்து ஏதோ கசிந்துகொண்டிருந்தது. "என்னங்க அது?" என்று கண்ணாடிக்காரர் கேட்டார். வெல்டர் பதில் சொல்லாமல் கழற்றி இவர் காதில் மாட்டிவிட்டார்.

கடைவீதியில் அத்தனை கடைகளின் ஷட்டரும் ஒரே நேரத்தில் இறங்குகிற சத்தம். ஆனால் அதற்குள் ஒரு ராகம் இருந்தது, ஒரு தாளம் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவர் முப்பது வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம் வரிசைப்படுத்திச் சொல்வதுபோல இருந்தது. மூன்று நிமிடம். "ஹெவி மெட்டல் சார், எலெக்ட்ரிக் கிட்டார்" என்று வெல்டர் ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் கொம்புபோல நீட்டிக் காட்டினார். ஹெட்போனைத் திருப்பிக் கொடுத்தபோது கண்ணாடிக்காரருக்கு ஒரு விஷயம் உறைத்தது. தான் கடைசியாக எப்போது சத்தம் போட்டோம் என்று அவருக்கு நினைவில்லை.

ஆசை வந்தாயிற்று. எந்தக் கிட்டார்? அங்கேதான் வழக்கமான வியாதி பிடித்தது.

முதல் ஆலோசனை மச்சினனிடம். மனைவியின் தம்பி, மின்விசிறிக்கும் பம்புக்கும் காயில் கட்டுகிற பட்டறை வைத்திருப்பவர். கிட்டாரைத் தொட்டதில்லை. ஆனால் காந்தமும் செம்புக் கம்பியும் எங்கே இருந்தாலும் அதைப் பற்றி அவருக்கு ஒரு கருத்து இருக்கும்.

"அத்தான், மெட்டலுக்குன்னா ரெட்டைச் சுருள்தான் எடுக்கணும். கம்பிக்குக் கீழ ஒரு பட்டை இருக்கு பாருங்க, சத்தத்தைப் பிடிக்கிறது. ஒத்தைச் சுருளா இருந்தா கரண்டு இரைச்சலும் கூடவே 'ம்ம்ம்'னு வரும். நீங்க வேற சத்தத்தை நல்லா முறுக்கித்தான் வைக்கப் போறீங்க. அந்த ம்ம்மும் சேர்ந்து முறுக்கிக்கும்."

"ரெட்டையா இருந்தா வராதா?"

"ஒண்ணை இப்படிச் சுத்துவாங்க, இன்னொண்ணை அதுக்கு எதிர்ப்பக்கம். ரெண்டு இரைச்சலும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டு அடங்கிடும். பாட்டு மட்டும் மிஞ்சும்."

"எதிரும் புதிருமா இருந்தா பாட்டும் அடங்கிடாதா?"

"காந்தத்தையும் திருப்பி வச்சிடறாங்க அத்தான். சூட்சுமமே அதுலதான். குடும்பம் மாதிரின்னு வச்சுக்கங்க."

கண்ணாடிக்காரர் தன் குடும்பத்தை ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். இரைச்சல் அடங்கியிருந்தது உண்மை. பாட்டு மிஞ்சியிருக்கிறதா என்றுதான் தெரியவில்லை.

அதற்கப்புறம் கேள்விகள் பெருகின. கம்பிகளைத் தாங்கும் பாலம் அசையாததா, ஆடுவதா? ஆடும் பாலத்தில் குதிரை கனைப்பதுபோலச் சத்தத்தை வளைக்கலாம். ஆனால் ஒரு கம்பி அறுந்தால் மற்ற ஐந்துக்கும் சுருதி போய்விடும். கழுத்து மெல்லியதா, தடித்ததா? கம்பி ஆறா, ஏழா? வடிவம் சாதாரணமா, அல்லது அம்புமுனைபோல இரண்டு பக்கமும் கூராக இருப்பதா? எல்லாவற்றையும் அவர் கடையில் இருந்த கண்பரிசோதனைச் சீட்டிலேயே எழுதிக்கொண்டார். கைக்குப் பழகின காகிதம் அதுதான். "வலது கண்: அசையாத பாலம். இடது கண்: ஆடும் பாலம்." இப்படி ஏழு சீட்டு சேர்ந்துவிட்டது.

மாடல் முடிவாகாவிட்டாலும் திட்டம் ஒன்று முடிவானது. மனைவியிடம் கிட்டார் கேட்கக்கூடாது. அவளே சொல்லி வாங்கவைக்க வேண்டும். அவளை வெல்ல அவள் தொழிலே வழி என்று கணக்குப் போட்டார். மீனுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்கப் போகிறோம் என்று அவருக்கு அப்போது தோன்றவில்லை.

அன்று மாலை டீ குடிக்கும்போது கோப்பையை இடது கையிலிருந்து தவறவிட்டார்.

"என்னாச்சு?"

"விரல் மரத்துப்போன மாதிரி இருக்கும்மா. கொஞ்ச நாளாவே."

"எந்த விரல்?"

இதை அவர் யோசித்து வைத்திருக்கவில்லை. ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் நீட்டி, நடுவில் இருந்த இரண்டையும் மடக்கிக் காட்டினார். "இது ரெண்டும். நடுவுல உள்ளது பரவாயில்லை."

அவள் அந்தக் கையைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு ஒரு காகிதத்தை விரலிடுக்கில் கொடுத்து, "இறுக்கிப் பிடிங்க, நான் இழுக்கிறேன்" என்றாள். அவள் இழுப்பதற்கு முன்பே அவர் விட்டுவிட்டார்.

"ம்" என்றாள்.

"ஒரு கஸ்டமர் சொன்னாரு. கம்பி வாத்தியம் ஏதாவது வாசிச்சா விரலுக்கு நல்லதாம்."

"அது கடைசிக் கட்டம்ங்க. அதுக்கு முன்னாடி நிறையப் படி இருக்கு. முதல்ல பட்டாணி."

முதல் வாரம் பட்டாணி உரித்தார். இரண்டாவது வாரம் பூண்டு. மூன்றாவது வாரம் துணி பிழிதல். அதில் மணிக்கட்டுக்கும் பயிற்சி என்றாள். நான்காவது வாரம் அறுந்த பொத்தான்களைத் தைத்தார். அந்த வீட்டில் அத்தனை சட்டைக்குப் பொத்தான் இல்லாமல் இருந்தது அவருக்கு அதுவரை தெரியாது. ஐந்தாவது வாரம் மாவு பிசைதல். ஆறாவது வாரம் பாத்திரம் தேய்த்தல், வெந்நீரில், இடது கையால் மட்டும். ஒவ்வொன்றும் நாளுக்கு இருபது நிமிடம். அவள் கடிகாரம் வைத்துக்கொண்டு நின்றாள். ஆஸ்பத்திரியில் நோயாளிகளிடம் பேசும் அதே குரலில், "இன்னும் கொஞ்சம். இன்னும் ஒரு பத்து" என்பாள். கொஞ்ச நாளில் கடிகாரத்தை விட்டுவிட்டு, அவர் பூண்டு உரிக்கும் நேரத்தில் பக்கத்து அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரிப் பாடம் ஏதோ கேட்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

நடுவே உண்மையைச் சொல்லிவிடலாமா என்று இரண்டு தடவை வாய்வரை வந்தது. முதல் தடவை கை நிறைய மாவு. அந்தக் கோலத்தில் உண்மை பேச வெட்கமாக இருந்தது. இரண்டாவது தடவை அவளே, "ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டாள். அவர், "உப்பு போட்டாச்சான்னு கேட்க வந்தேன்" என்றார். அவள் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்தது. பாத்திரங்களை எடுத்து அடுக்கிவிட்டுப் போனாள். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு கிட்டாருக்காக இவ்வளவு சுற்றி வளைக்கிறோமே, நேராக நாலு வார்த்தை கேட்க முடியாதபடி இந்த வீட்டில் யார் சுவர் எழுப்பினார்கள் என்று யோசித்துப் பார்த்தார். விடை அவருக்குப் பிடித்ததாக இல்லை. எல்லாப் பேச்சையும் "பார்க்கலாம்" என்ற ஒரே சொல்லில் முடித்து வைத்து வந்தவர் அவர்தான். எத்தனை தடவை கேட்பாள்? அப்புறம் அவளும் கேட்பதை விட்டுவிட்டாள்.

ஏழாவது சனிக்கிழமை அவளே அவர் கையை எடுத்து மடக்கி நீட்டிப் பார்த்தாள். "நல்ல முன்னேற்றம். இனி கம்பி. இன்னிக்கே போகலாம்."

வாத்தியக்கடை ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. மூன்றாவது மாடியில் வகுப்பும் உண்டு என்று பலகை சொன்னது. கடையை நடத்தியவர் ஒரு நடுவயதுப் பெண்மணி. கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அவர் விலைச்சீட்டைக் கையை நீட்டிப் பிடித்துப் படித்ததைப் பார்த்தவுடனே, இவருக்குப் பவர் ஏறிவிட்டது என்று கண்ணாடிக்காரர் மனத்துக்குள் குறித்துக்கொண்டார்.

"என்ன வாசிக்கப்போறீங்க சார்?"

"ஹெவி மெட்டல்."

பெண்மணி அவருடைய கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையைப் பார்த்தார். நான்காவது வார உழைப்பில் எல்லாப் பொத்தானும் உறுதியாக இருந்தன. "சரி" என்றார்.

சுவரில் கிட்டார்கள் வரிசையாகத் தொங்கின. கண்ணாடிக்காரர் சட்டைப்பையிலிருந்து சீட்டுகளை எடுத்தார். ஒரு மணி நேரத்தில் பதினான்கை இறக்கி, பதினான்கையும் ஏற்றினார்கள். அம்புமுனை வடிவத்தை மடியில் வைத்தார். அது வழுக்கிக்கொண்டு போய்த் தரையைக் குத்தியது. "இது நின்னுக்கிட்டு வாசிக்கிறது சார்" என்றார் பெண்மணி. மனைவி ஒரு முக்காலியில் உட்கார்ந்தபடியே சொன்னாள்: "இவருக்கு அரை மணி நேரம் நின்னா இடுப்பு பிடிச்சுக்கும்." அம்புமுனை சுவருக்குத் திரும்பியது.

கடைசியில் இரண்டு மிஞ்சின. இரண்டும் ரெட்டைச் சுருள், இரண்டும் மெல்லிய கழுத்து. ஒன்றில் அசையாத பாலம். ஒன்றில் ஆடும் பாலம். பெண்மணி ஒன்றை மாட்டிவிட்டு வாசிக்கச் சொன்னார், அதைக் கழற்றி மற்றதை மாட்டினார்.

"இதுவா, அதுவா?"

கண்ணாடிக்காரர் விழித்தார்.

"இன்னொரு தடவை தர்றேன். இதுவா? அதுவா?"

இருபத்து மூன்று வருடமாகத் தன் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் ஏன் வியர்த்தார்கள் என்று அவருக்கு இப்போது புரிந்தது. தப்பான பதில் சொல்லிவிட்டால் உலகம் கடைசிவரை தப்பாகவே தெரிந்துவிடுமோ என்ற பயம். இனிமேல் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் மெதுவாகக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொண்டே, "முதல்ல கொடுத்ததைத் திரும்பக் கொடுங்க" என்றார்.

ஐந்தாவது சுற்றில் பெண்மணி களைத்துப்போய் அவர் மனைவி பக்கம் திரும்பினார். "நீங்க சும்மா உட்கார்ந்திருக்கீங்களேம்மா. ஒண்ணு மாட்டிப் பாருங்களேன்."

அவள் மறுக்கவில்லை. கொடுத்ததை வாங்கித் தோளில் மாட்டினாள். கொஞ்சம் தடுமாறி, மறுபக்கமாகத் திருப்பிப் பிடித்தாள். ஒலியைத் திருகும் குமிழ்களெல்லாம் முழங்கையில் இடித்தன.

"இடது கையா நீங்க?"

"ஆமா."

"அப்போ உங்களுக்கு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும்மா. ரெண்டு வருஷமா மூலையில கிடக்கு. எல்லாரும் எடுப்பாங்க, திருப்பிப் பிடிச்சுப் பார்த்துட்டு வச்சிடுவாங்க."

பெண்மணி உள்ளே போய், தூசி துடைத்து, கறுப்பாக ஒன்றைக் கொண்டுவந்தார். அவள் மாட்டிக்கொண்டாள். தோளை ஒரு தரம் ஏற்றி இறக்கி, கனம் எங்கே விழுகிறது என்று பார்த்தாள். வாரைக் கொஞ்சம் நீட்டிவிட்டாள். பெண்மணி ஒலிப்பெட்டியில் ஒயரைச் செருகி, இரண்டு விரலை எங்கே வைப்பது என்று காட்டினார். அவள் இடது கையை உயர்த்தி ஒரே ஒரு அடி அடித்தாள்.

கடையின் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. கண்ணாடிக்காரர் திரும்பிப் பார்த்தார். மனைவி கண்களை மூடிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் முழுக்கத் தேய்ந்து அடங்குகிறவரை திறக்கவில்லை. இத்தனை வருடத்தில் அந்த முகத்தை அவர் பார்த்ததேயில்லை.

"இதை எடுத்துக்கறேன்" என்றாள்.

அவ்வளவுதான். தேர்வு முடிந்தது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"அப்போ எனக்கு?" என்றார் கண்ணாடிக்காரர்.

"நீங்க நிதானமாப் பாருங்க. அவசரமே இல்லை."

கடை மூடுகிறவரை அவர் நிதானமாகப் பார்த்தார். ஒன்றும் முடிவாகவில்லை. கறுப்புக் கிட்டாரைத் தோளில் தொங்கவிட்டபடி அவள் முன்னே நடக்க, இவர் வெறுங்கையோடு பின்னே நடந்தார். பேருந்து நிறுத்தத்தில் பெஞ்சு காலியாக இருந்தது. இருவரும் உட்கார்ந்தார்கள்.

"ஒண்ணு சொல்லணும்" என்றார் கண்ணாடிக்காரர். "என் விரல் நல்லாத்தான் இருக்கு."

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"முதல் நாளேதான். ஆள்காட்டி விரலும் சுண்டு விரலும் மரத்து, நடுவுல ரெண்டும் சும்மா இருக்காது. நரம்பு அப்படித் தாண்டித் தாண்டிக் குதிக்காது. மறுநாள் உங்க சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்கக் கடைக்கு வந்தேன். மூக்குக் கண்ணாடியோட கடுகளவு திருகை அதே விரலால எடுத்து முடுக்கிக்கிட்டிருந்தீங்க. பார்த்துட்டு டப்பாவை வாசல்லயே வச்சுட்டு வந்துட்டேன்."

"கிட்டார்னு எப்படித் தெரியும்?"

"சட்டையைத் துவைக்கப் போட்டா பையில சீட்டு. 'வலது கண், அசையாத பாலம்.' ஐயோ, மனுஷனுக்குத் தலையில ஏதோ ஆயிடுச்சுன்னு முதல்ல பயந்துட்டேன். அப்புறம் தம்பிக்கிட்ட கேட்டேன். இவ்வளவு தூரம் ஆசைப்படுறாரே, அது என்னதான்னு நானும் கேட்டுப் பார்த்தேன். முதல் ரெண்டு நாள் தலைவலி. மூணாவது நாள் விட முடியலை. பகல் பூரா எல்லாரும் என்கிட்ட வலிக்குது வலிக்குதுன்னு கத்துறாங்க. நான் மெதுவாவே பேசணும். எனக்கும் ஒரு நாள் கத்தணுமேங்க."

அவர் அந்தக் கிட்டார் பையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "தெரிஞ்சும் ஏன் ஆறு வாரம் என்னைப் பட்டாணி உரிக்க வச்சே?" என்றார்.

"நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு காத்திருந்தேன். கேட்டிருந்தா அன்னிக்கே சரின்னு சொல்லியிருப்பேன்." அவள் கிட்டார் பையின் வாரைச் சரிசெய்துகொண்டாள். "சும்மா காத்திருப்பானேன், பட்டாணியும் உரியட்டுமேன்னு."

அவருக்குச் சிரிப்பு வந்தது. நெஞ்சில் குத்தவும் செய்தது. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கவில்லை, இரண்டும் மிஞ்சின. "இனிமே கேட்டுடறேன்" என்றார்.

"கேளுங்க" என்றாள். "பார்க்கலாம்னு சொல்லமாட்டேன்."

அவர் மாடல் இன்னும் முடிவாகவில்லை. சீட்டு பதினொன்று ஆகியிருக்கிறது. பட்டாணியும் பூண்டும் அவரிடமே நிலைத்துவிட்டன; பழகின கை சும்மா இருந்தால் இறுகிவிடும் என்பது வீட்டு வைத்தியர் கருத்து. ஞாயிற்றுக்கிழமை தோறும் வாத்தியக்கடையின் மூன்றாவது மாடியில் அவளுக்கு வகுப்பு. மெட்டலுக்குச் சின்ன ஒலிப்பெட்டி சரிவராது என்று பெரியதாக ஒன்று வாங்கியிருக்கிறார்கள். நல்ல பாரம். கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. மூன்று மாடியும் அதைத் தூக்கிக்கொண்டு ஏறுவது கண்ணாடிக்காரர். வகுப்பு நடக்கும்போது அவர் ஒலிப்பெட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்து அதன்மேல் உள்ளங்கையை வைத்திருப்பார். அவள் ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் அது அவர் கைவழியாக ஏறித் தோளில் போய் நிற்கும். அந்த ஒரு மணி நேரத்துக்காக வாரம் பூராவும் காத்திருக்கிறார் என்பது அவருக்கு மட்டும் தெரியும்.

போன வாரம் படியில் மூச்சு வாங்க நின்றபோது, எதிரே இறங்கி வந்த புல்லாங்குழல் வாத்தியார் ஒதுங்கி வழிவிட்டார். மேலே மூன்றாவது மாடியில், வகுப்பிலிருந்த சின்ன ஒலிப்பெட்டியிலேயே யாரோ இடிபோல ஒரு அடி அடித்தார்கள்.

"வீட்டம்மாங்களா? பிரமாதம். நீங்களும் ஹெவி மெட்டல்தானா சார்?"

கண்ணாடிக்காரர் ஒலிப்பெட்டியை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"ரெண்டு பேரும்தாங்க. மெட்டல் அவ, ஹெவி நான்."